தார்ப்பாய்க்குள் பழுத்த சப்போட்டா

லாரி ஓட்டுகிறவர்கள் நடுவில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். வாயையும் திறக்க மாட்டார், ஏற்றிய லோடையும் திறக்க மாட்டார் என்று எவரோ வைத்த பட்டம், ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருடமாகப் பழ லோடு மட்டுமே ஓட்டுகிறவர். மா, கொய்யா, பப்பாளி, சப்போட்டா எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் ஊர் ஊராகப் போயிருக்கின்றன. ஒன்றுகூட அவர் வாய்க்குள் போனதில்லை.

மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் கேட்டாள். "ஏம்ப்பா, நீங்க பழ வண்டிதானே ஓட்டறீங்க? அப்புறம் நாம மட்டும் ஏன் கடையில போய் வாங்கறோம்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மனைவிதான், "அப்பாகிட்ட எதை வேணா கேளு, அதை மட்டும் கேக்காதே" என்று மகளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் வாங்கி வந்து நறுக்கி வைக்கும் பழத்தையும் அவர் தொடுவதில்லை. தட்டு நடுவீட்டுக்கு வந்ததும் வண்டியைத் துடைக்க வாசலுக்குப் போய்விடுவார்.

காரணம் பழையது. பத்தொன்பது வயதில் அவர் ஒரு பழமண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாம்பழக் கூடை ஒன்று காணாமல் போயிற்று. முதலாளி ஆட்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவர் கையையும் முகர்ந்து பார்த்தார். விடிந்ததிலிருந்து மாம்பழம் தூக்கியவன் கையில் வேறென்ன வாசனை வரும்? எல்லார் கையும் ஒரே மாதிரிதான் மணத்தது. ஆனால் மற்றவர்களுக்குப் பேச ஓர் அண்ணனோ மாமனோ அந்தத் தெருவில் இருந்தார்கள். இவருக்கு யாரும் இல்லை. பழி இவர் தலையில் விழுந்தது, வேலையும் போயிற்று. அந்தக் கூடையை எதிர்க் கடையில் தவறுதலாக இறக்கியிருந்தார்கள் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. யாரும் வந்து அவரிடம் சொல்லவில்லை. டீக்கடையில் யாரோ பேசியது காதில் விழுந்துதான் தெரிந்துகொண்டார்.

அன்றிலிருந்து பழம் அவருக்கு ஆகாத பொருளாகிவிட்டது. உடம்புக்கு ஆகாததில்லை, மனசுக்கு.

அந்த மழைக்கால லோடு சப்போட்டா. ஒன்பது வருடமாக அவருக்கு லோடு கொடுக்கும் மண்டிக்காரம்மா, மலைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு தோட்டத்தைப் பிடித்திருந்தார். "முதல் பறிப்பு. நானே இன்னும் ஒரு பழம் தின்னு பாக்கல. பத்திரமா கொண்டு வந்து சேத்துடு" என்று போனில் சொன்னார். பூட்டு வழக்கம்போல் தோட்டத்து வாசலிலேயே வண்டியை நிறுத்தினார். பெட்டிகள் வெளியே வந்தன, ஏறின. தார்ப்பாயைப் போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சை இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை மலைப்பாதையின் மேல் வளைவு ஒன்றில், அவர் கண்ணெதிரே சரிவு இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மண்ணும் பாறையும் வேரோடு நாலைந்து மரங்களும் அவசரமில்லாமல் வந்து சாலையில் உட்கார்ந்துகொண்டன. அவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த பேருந்தும் முனகிக்கொண்டு நின்றது. திருப்பிப் போய்விடலாம் என்று பேருந்து ஓட்டுநர் வண்டியைப் பின்னுக்கு எடுப்பதற்குள், பின்பக்கத்து வளைவிலும் மண் இறங்கிவிட்டது.

நடுவில் ஒரு கூப்பிடு தூரத்துச் சாலை மிஞ்சியது. அதில் ஒரு லாரி, ஒரு பேருந்து, முப்பத்தைந்து பேர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், மேலே விடாத மழை. இரண்டு பேர் சரிவைத் தாண்டிப் பார்க்கிறோம் என்று இறங்கினார்கள். இடுப்பளவு சேற்றில் புதைந்து, ஒருவருக்கொருவர் துண்டை நீட்டி இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். கைபேசியில் கோடே இல்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் பாறை இடுக்கிலிருந்து வடிந்துகொண்டிருந்தது.

பேருந்தின் கண்டக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் விசில், நாக்கில் கத்தி. யாரிடம் என்ன இருக்கிறது என்று பைபையாகக் கேட்டு, கிடைத்த பிஸ்கட்டையும் பொரியையும் ஒரு துணியில் கொட்டி, குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் முதலில் பங்கு வைத்தாள். அதை முடித்துவிட்டு லாரிப் பக்கம் வந்தாள்.

"அண்ணே, உள்ள என்ன லோடு?"

"சப்போட்டா."

"காயா, பழமா?"

"காய். பழுக்க ரெண்டு மூணு நாள் ஆகும்."

"சரி விடுங்க. அதுக்குள்ள நாங்க வீட்டுக்குப் போய் ஒரு தூக்கமே போட்டிருப்போம்" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பழமா இருந்தாலும் திறக்க மாட்டேன். என் பொருள் இல்ல."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே அண்ணே!"

முதல் நாள் அப்படிப் போயிற்று. இரண்டாம் நாள் காலையிலும் மழை விடவில்லை, யாரும் வரவில்லை. பிஸ்கட் தீர்ந்துவிட்டது. ஒரு குழந்தை அழுவதை நிறுத்திவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டு சும்மா படுத்திருந்தது. அழுததைவிட அது சும்மா இருந்ததுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

வாசனை அப்போதுதான் வந்தது. சப்போட்டா மாம்பழம் மாதிரி எட்டூருக்குத் தெரியப் பழுக்கிற சாதி இல்லை. ஒரு பழத்தை மூக்குக்கு நேரே பிடித்தால்தான் மணம் தெரியும். ஆனால் மழைக்காகத் தார்ப்பாயை இறுக்கி மூடி, காற்று போக வழியில்லாமல் ஒரு வண்டிச் சரக்கும் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருந்தது. ஒன்று பழுத்தால் பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைத்துவிடும். பாகு காய்ச்சும் வீட்டைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு கனத்த இனிப்பு வாசனை, பேருந்தின் ஜன்னல்களுக்குள் நுழைந்து ஒவ்வொருவராக எழுப்பிவிட்டது. எல்லாத் தலையும் லாரிப் பக்கம் திரும்பியது.

பூட்டுக்கு அவர்களுக்கு முன்பே தெரியும். வண்டியின் கீழே குனிந்து பார்த்தபோது, பலகை இடுக்கில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பெட்டியில் பழம் நசுங்கத் தொடங்கிவிட்டது. தார்ப்பாயைத் திறந்து காற்று விட வேண்டும். திறந்தால் மழை உள்ளே இறங்கும், நனைந்த பழம் அழுகும். திறக்காவிட்டால் வெந்து அழுகும். முதலாளியம்மாவைக் கேட்க வழியில்லை. பாறைமேல் ஏறி, கையை எவ்வளவு உயர்த்திப் பிடித்தாலும் கைபேசி ஊமையாகவே இருந்தது.

மதியம் மழை கொஞ்சம் விட்டது. கேபினில் கண்ணை மூடியிருந்தவர் வண்டி லேசாக அசைவதை உணர்ந்து இறங்கிப் பின்பக்கம் போனார். பேருந்தில் வந்த தையல்காரர் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் சூப்பிக்கொண்டிருந்த குழந்தையின் அப்பா அவர். ஊசி பிடித்த விரலுக்கு ஈரக்கயிறு மசியவில்லை. பூட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

தையல்காரர் தப்பி ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணே ஒண்ணுதான். பாப்பாவுக்கு" என்றார்.

பூட்டு அவர் கையை விடவில்லை. அந்தக் கை தன் முகத்தை நோக்கி வருவதை அப்போதுதான் கவனித்தார். தான்தான் அதை இழுத்துக்கொண்டிருந்தார். மோந்து பார்ப்பதற்கு. இன்னும் ஒரு சாண் இருந்தது, அவ்வளவுதான். தீயைத் தொட்டவர்போல அந்தக் கையை விட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

தையல்காரருக்கு அடி விழும் என்ற பயம். பூட்டுக்கு என்ன பயம் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு அவர் முன்னால் வந்து, தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார்.

"அந்த முனையைப் பிடிங்க" என்றார் தையல்காரரிடம். "தண்ணி தேங்கி நிக்குது. உள்ள ஊத்தாம மெதுவா மடிக்கணும்."

விசில் சத்தம் கேட்டது. கண்டக்டரம்மா பேருந்துப் படியில் நின்று ஊதி ஆட்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "வரிசையா வாங்க! தள்ளுமுள்ளு பண்ணினா நடுவழியில இறக்கி விட்டுருவேன்!" எங்கே இறக்கி விடுவாள்? இரண்டு நாளில் முதல் முறையாகச் சிலர் சிரித்தார்கள்.

ஆனால் பூட்டு உடனே கொடுத்துவிடவில்லை. பெட்டிகளை இறக்கி, பேருந்துக்குள்ளும் பாறையின் மறைவிலும் அடுக்கச் சொன்னார். எல்லாரையும் உட்கார வைத்துத் தரம் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். அத்தனை வார்த்தை அவர் சேர்ந்தாற்போல் பேசியது அவருக்கே புதிதாக இருந்திருக்கும்.

"நிறத்தை நம்பாதீங்க. காயும் இதே பழுப்புதான், பழமும் இதே பழுப்புதான். காம்புப் பக்கம் கட்டை விரலை வச்சு லேசா அழுத்துங்க. குழந்தையோட கன்னத்தைத் தொடற மாதிரி. அமுங்கிச்சுன்னா பழம், அந்தப் பக்கம் வையுங்க. கல்லு மாதிரி இருந்தா திரும்பப் பெட்டியில. நடுவுல இருக்கிறது நாளைக்கு. நசுங்கினதை இப்பவே எடுத்துடுங்க, இல்லேன்னா பக்கத்துல இருக்கிறதையும் கெடுத்துடும்."

"டிக்கெட் ஏதாவது கிழிக்கணுமா அண்ணே?" என்றாள் கண்டக்டரம்மா.

ஒரு கல்லூரிப் பையனுக்குப் பொறுமை இல்லை. கல்லாக இருந்த ஒன்றைக் கடித்துவிட்டான். காயின் பால் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, திறந்த வாயை மூடவும் மூடிய வாயைத் திறக்கவும் முடியாமல் கண்ணை உருட்டினான். "பூட்டுக்குப் போட்டியா இன்னொரு பூட்டு!" என்றார் பேருந்து ஓட்டுநர். லாரி நெற்றியில் அந்தப் பெயர் எழுதியிருப்பதை அவர் வந்த அன்றே பார்த்துவிட்டார்.

பழுத்ததை எல்லாம் நடுவில் குவித்தார்கள். ஆளுக்கு நாலு எடுத்துக்கொண்டார்கள். தையல்காரர் ஒரு பழத்தைத் தோலுரித்து, வழவழவென்று கறுத்த கொட்டையைப் பிதுக்கி எறிந்துவிட்டு, சதையை விரலால் மசித்து மகள் நாக்கில் தடவினார். அவள் விரலைச் சூப்புவதை விட்டுவிட்டு அப்பாவின் விரலைச் சூப்பினாள்.

மற்றவர்கள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பேருந்தில் இருந்தார். உரித்த பழத்தை வாய்வரை கொண்டுபோனவர், லாரிப் பக்கம் பார்த்துவிட்டுக் கீழே கிடந்த ஓர் இலையில் வைத்தார். பூட்டு அங்கே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இந்தக் குவியலைப் பார்க்காமல் மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

கண்டக்டரம்மா எழுந்து அவரிடம் போனாள்.

"நீங்க எடுத்துக்கலையா அண்ணே?"

"எனக்கு வேண்டாம்மா. நீங்க சாப்பிடுங்க."

"நேத்துக் காலையிலேர்ந்து நீங்களும் பச்சைத் தண்ணிதான்."

"இது எனக்குப் பழக்கமில்ல. என்னை விட்ருங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள். முதல் முறையாக அதில் கேலி இல்லை. "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இதை எடுத்தது சரின்னு நெனச்சுதானே கொடுத்தீங்க?"

"ஆமா."

"சரின்னா நீங்களும் சாப்பிடலாம். தப்புன்னா எங்களுக்கும் கொடுத்திருக்கக் கூடாது. எங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? நீங்க கையைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னா, நாங்க முப்பத்து நாலு பேரும் திருட்டுப் பண்டம் தின்ற மாதிரி இருக்கு. அங்க பாருங்க, அந்தப் பெரியவர் எடுத்ததைக் கீழ வச்சிட்டாரு."

அவர் திரும்பிப் பார்த்தார். தபால்காரர் மட்டுமில்லை, பாதிப் பேர் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பத்தொன்பது வயதில் மண்டி வரிசையில் நின்றபோது அவர் முகத்தில் இருந்ததும் அதுதான். யாரோ ஒருவர் தன்னை நல்லவன் என்று சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருக்கும் முகம்.

இத்தனை வருடமாகத் தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தச் சுத்தம் அடுத்தவர் கையை அழுக்காக்கும் என்று அவர் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தார். நினைத்தது சுகமாக இல்லை.

அவர் நடந்து போய்க் குவியலுக்குப் பக்கத்தில், தபால்காரருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பழத்தை எடுத்தார். நல்ல பழமாகப் பார்த்து எடுக்கவில்லை, கைக்கு வந்ததை எடுத்தார். இரண்டாகப் பிளந்து, கொட்டையை எறியாமல் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, ஒரு பாதியை வாயில் போட்டார்.

முதலில் வாய்க்கு ஒன்றும் புரியவில்லை. மணல் மாதிரி நறநறத்து, அடுத்த நொடி ஒன்றுமில்லாமல் கரைந்து, அதன் பிறகு மெல்லத் தித்தித்தது. பல் தேவைப்படாத தித்திப்பு. அவர் மற்றப் பாதியையும் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. ஐந்து பழம் சாப்பிட்டதும்தான் தலை நிமிர்ந்தார். எல்லார் வாயும் அசைந்துகொண்டிருந்தது. தபால்காரர் மூன்றாவது பழத்தில் இருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அது அவருக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் முன்பக்கத்து மண்ணை இயந்திரங்கள் வாரித் தள்ளின. அதற்குள் இன்னும் இரண்டு வேளை எல்லாரும் சப்போட்டாவே சாப்பிட்டிருந்தார்கள். "இனிமே வாழ்நாள் பூரா இந்தப் பழத்தைக் கண்ணால பாக்க மாட்டேன்" என்று கல்லூரிப் பையன் சத்தியம் செய்தான். தரம் பிரித்த பெட்டிகளை முப்பத்து நாலு பேரும் கைமாற்றிக் கைமாற்றி லாரியில் ஏற்றினார்கள். தையல்காரர் கயிற்றை இழுத்துக் கட்டினார். அந்த முடிச்சு மோசமான முடிச்சு. பூட்டு அதை அவிழ்த்துக் கட்டவில்லை. அடுத்த ஊரில் டீ குடிக்க நிறுத்தியபோது, யாரும் பார்க்காதபோது மாற்றிக் கட்டினார்.

மண்டிக்காரம்மா தராசுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூட்டு நேரே போய் நின்று, ஒரே மூச்சில் சொன்னார். "ரோடு அடைச்சுக்கிச்சும்மா, ரெண்டு பக்கமும். நீங்க போன்ல கிடைக்கல. லோடைத் திறந்தேன். பழுத்ததை பஸ்ல வந்தவங்க சாப்பிட்டாங்க. நானும் சாப்பிட்டேன். கொஞ்சம் அழுகிப்போச்சு, அதை எடுத்துப் போட்டுட்டோம். மத்தது நல்லா இருக்கு."

பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பூட்டு சாப்பிட்டாரா?

மண்டிக்காரம்மா எழுந்து வந்து பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தார். பழத்தில் குறையில்லை. முகத்தில் கோபம் குறையவில்லை. "நியாயம் உன் பக்கம் இருக்கலாம். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா என் சரக்கை என்னைக் கேக்காம திறந்தது திறந்ததுதான். என் லோடை எல்லாரும் அவங்கவங்க நியாயத்துக்குத் திறக்க ஆரம்பிச்சா நான் கடையை மூடிட்டுப் போகணும்."

"சரிம்மா" என்றார் பூட்டு. முன்பு என்றால் அந்தச் சொல்லில் கூனிக் குறுகி, ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்திருப்பார். இப்போது அந்தம்மா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று தோன்றியது, அவ்வளவுதான். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

ஒரு மாதம் மண்டியிலிருந்து லோடு வரவில்லை. அவர் சிமெண்ட் ஓட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை மனைவி பழம் நறுக்கித் தட்டை நடுவீட்டில் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில், "வண்டித் துணி வாசல்ல இருக்கு" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. "இது கொஞ்சம் முன்னாடியே பறிச்ச பழம்" என்று ஒரு துண்டை எடுத்தார். மனைவி கையில் கத்தியோடு அப்படியே நின்றாள். மகள், இப்போது கல்லூரி போகிறவள், அம்மாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி மீதியை நறுக்கினாள். யாரும் எதையும் கேட்கவில்லை.

மாதம் முடிந்து மண்டிக்காரம்மாவே கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"அந்தத் தோட்டத்துப் பழம் எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"வாயில எப்படி இருந்துச்சுன்னு கேக்கறேன். இங்க கடைக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நான் தின்னது வண்டியில அடிபட்டு வந்த பழம். நீதான் உக்காந்து நிதானமா தின்னவன்."

அவர் யோசித்தார். "முதல்ல மணல் மாதிரி இருக்கும்மா. அதைப் பாத்து ஒதுக்கிடக் கூடாது. உடனே கரைஞ்சிடும். தித்திப்பு கடைசியிலதான் வரும், ஆனா ரொம்ப நேரம் நிக்கும். இன்னும் நாலு நாள் மரத்துல விட்டுப் பறிச்சா மணலும் போயிடும்னு நெனக்கிறேன்."

அந்தப் பக்கம் கணக்கு நோட்டு புரளும் சத்தம் கேட்டது. "நாலு வருஷத்துக்கு அந்தத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பேசலாமான்னு பாக்கறேன். நீ போய் மரங்களைப் பாத்துட்டு வா. வாசல்ல நிக்காதே, உள்ள போ."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். உள்ளே போனது அதுதான் முதல் முறை. சப்போட்டா மரங்கள் குட்டையாக, அடர்ந்து, தரையைத் தொடுகிற மாதிரி கிளை விட்டிருந்தன. உள்ளே நுழைந்தவுடன் வெயில் நின்றுவிட்டது. முதலில் ஒரு காய்கூட அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. காயும் கிளையும் ஒரே பழுப்பு. கண் பழகப் பழக ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு மரம் முழுக்கக் காயாகத் தெரிந்தது.

வலை கட்டிய கழியால் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். யார், எதற்கு வந்தார் என்று கேட்கவில்லை.

"சும்மாதானே நிக்கறீங்க? அந்தக் கிளையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

அவர் குனிந்து உள்ளே போய்த் தோளால் கிளையைத் தாங்கினார். அவள் ஒரு காயை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள். கீறலில் பச்சை தெரிந்தது. "இன்னும் ஆகல" என்று அதை விட்டுவிட்டு, அடுத்ததைக் கீறினாள்.